டப்பாவில் இருந்தது

கிரேன் ஓட்டுகிறவனுக்கு மூன்று வருடமாக மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டிலிருந்துதான் போகிறது. அவன் அவசரத்தில் நழுவவிட்ட இரும்புச் சட்டம் விழுந்துதான் அவள் கணவர் செத்துப்போனார்.

“எதிரியை நேசிக்கிறதுன்னா என்னன்னு இந்தம்மாவைப் பாத்துக் கத்துக்கணும்” என்று போதகர் சபையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பகைவனுக்குச் சாப்பாடு போட்டால் அவன் தலைமேல் நெருப்புத் தணலைக் குவித்த மாதிரி என்று வேதத்தில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் சமைத்தாள். அவன் தலையோ நரைத்ததே தவிர எரிகிற வழியாக இல்லை.

அன்று சாயங்காலம் கழுவிய டப்பாவைக் கொடுத்துவிட்டு, அவன் போகாமல் வாசலிலேயே நின்றான்.

“இன்னைக்கும் போடலையாக்கா?”

“எதை, உப்பையா?”

“விஷம்.”

அவள் டப்பாவின் மூடியைத் திருகி மூடினாள்.

“இதுக்குத்தான் அனுப்புறீங்கன்னு முதல் நாளே தெரியும்க்கா. தப்பு என் மேல, வாங்கிக்கணும்னுதான் மிச்சம் வைக்காம சாப்பிட்டேன். மூணு வருஷமா ஒவ்வொரு வாயும் இதுதான் கடைசின்னு நெனச்சுத்தான் முழுங்குறேன்.”

தணல் என்றைக்கோ பற்றிக்கொண்டுவிட்டது. அவளுக்குத்தான் ஒரு சூடும் தெரியவில்லை.

“நாளைக்கும் அனுப்பட்டுமா?” என்று கேட்டாள்.

“அனுப்புங்கக்கா” என்றான்.