திபோ சாத்தவிடாத கதவு

"கதவைச் சாத்துங்க சம்பந்தி! உள்ளே எல்லாரும் விறைச்சுப் போயிட்டோம்!"

மாப்பிள்ளையின் அம்மா மாபில் கத்தியும் திபோ அசையவில்லை. மாதா கோயிலுக்கு வெளியே, திறந்து கிடந்த கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். பனி உள்ளே பறந்து வந்தது.

அந்நாள் வழக்கப்படி வாசலில் வைத்து மோதிரம் போட்டாயிற்று. இனி உள்ளே பூசைதான் பாக்கி.

மணப்பெண் எர்சாந்துக்கு அவமானம் தாங்கவில்லை.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாளாவது உள்ளே வாங்களேன்."

"நீ போம்மா. நான் இங்கேயே நிக்கிறேன்."

"எருசலேமையே மீட்டுட்டு வந்தவராச்சே! நம்ம ஊர்க் கோயில் அவர் கண்ணுக்கு மாட்டுக் கொட்டகையாத் தெரியுதோ என்னவோ!" என்றாள் மாபில்.

உள்ளே சிரிப்பு எழுந்தது. எர்சாந்த் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சிலுவைப் போரிலிருந்து திரும்பி ஐந்து வருடமாகிறது. ஞாயிறு தவறாமல் வருவார் திபோ. ஆனால் உள்ளே வரமாட்டார். கதவையும் சாத்தவிட மாட்டார். 'திமிர் பிடித்த திபோ' என்றே ஊரில் பெயர்.

லாம்பேர் சாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. போருக்கு ஆள் திரட்டியவர் அவர்தான். திபோவின் தோளில் சிலுவைத் துணியை வைத்து ஆசீர்வதித்ததும் அவரே. அந்த உரிமையில் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

"என்னய்யா இது? பெத்த பொண்ணு அழுதுட்டு நிக்கிறா. ஆண்டவர் வீட்டுக்குள்ள வர உனக்கு அவ்வளவு கசக்குதா?"

"இல்ல சாமி."

"அப்போ கதவையாவது விடு!" கதவைப் பிடித்து இழுத்தார் சாமியார்.

திபோ விடவில்லை. மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"எருசலேம்ல ஒரு ஜெபக்கூடம் சாமி. யூதர்களோடது. எங்களுக்குப் பயந்து குடும்பம் குடும்பமா உள்ளே ஒளிஞ்சு, ஜெபம் பண்ணிட்டு இருந்தாங்க. கூரையில தீ வெச்சோம்."

"அது... ஆண்டவருக்காகச் செஞ்ச..." சாமியாருக்கு வாய் குழறியது. கதவிலிருந்து அவர் கை நழுவியது.

"உள்ளேர்ந்து தட்டினாங்க சாமி. சின்னக் கைங்கன்னு சத்தத்துலயே தெரிஞ்சுது. கதவு திறந்துடாம முதுகைக் கொடுத்து நின்னவன் நான்தான்."