பன்னெண்டு ஜாடி

காலி ஜாடியா? மிர்வலி சொன்னானா? அவன் சொன்னா நீயும் தலைய ஆட்டிட்டு வந்துடுவியா ஹோசியத்?

பன்னெண்டு ஜாடிடி. என் கையால மூடி கட்டுனது. குளவி வளர்க்கிற கூடத்துல பத்தொம்பது வருஷமா வேலை பார்க்கிறவ நான். பார்லியில அந்துப்பூச்சிய வளர்த்து, அது முட்டையில குளவிய வளர்த்து, தலை முழுக்கத் தூசியோட வீட்டுக்கு வருவேன். எங்க வீட்டுக்காரர் இருந்தப்போ கேப்பாரு, "புருஷனுக்கு நேத்து ரொட்டி, அந்துப்பூச்சிக்குப் புது பார்லியா?"ன்னு. அந்த நேத்து ரொட்டியில ஒரு துண்டு மிச்சம் வெச்சிருப்பாரா மனுஷன்? சரி, அத விடு.

என்ன? கண்ணுக்கே தெரியலையா?

எப்படித் தெரியும்! கடுக நாலா நறுக்குனா ஒரு துண்டு, அவ்வளவுதான் அந்தக் குளவி. பருத்திப்புழுவோட முட்டை இருக்குல்ல, அதுக்குள்ள தன் முட்டைய வெச்சுட்டுப் போயிடும். அப்புறம் புழு எங்கேருந்து வரும்? குளவிதான் வரும். ஆளைக் கொட்டாது. உன் நாத்தனார விட நல்ல ஜென்மம். சிரிக்காத, நான் கோவமா இருக்கேன்.

மிர்வலியோட பருத்தி நம்ம வேலிய முட்டிக்கிட்டு நிக்குது. என் மருமக ஜும்ரத் பிள்ளை பெத்து இருபத்திரெண்டு நாள். நாப்பது நாள் ஆகாம தாயும் பிள்ளையும் வாசப்படி தாண்டக் கூடாது. பூச்சிமருந்து அடிக்கிற டிராக்டர் வந்தா அவங்கள எங்கடி தூக்கிட்டு ஓடுவேன்?

அதுக்குத்தான் அவன்கிட்ட போய் நின்னேன்.

"தம்பி, இந்த வருஷம் மருந்து வேணாம்ப்பா. குளவி தர்றேன். குளவி இருக்கிற முட்டைய காகிதத் துண்டுல ஒட்டி ஜாடியில போட்டிருக்கேன். வெயில் ஏறுறதுக்குள்ள, பத்தடிக்கு ஒரு துண்டு, இலைக்கு அடியில செருகணும். அவ்வளவுதான் வேலை."

"நீங்க சொன்னா சரி அத்தை"ன்னான். பன்னெண்டு ஜாடியையும் வண்டியில ஏத்திக்கிட்டான். எவ்ளோ மரியாதை! அவங்க அப்பனும் அப்படித்தான், கைய நெஞ்சுல வெச்சுக் குனிஞ்சு வணக்கம் சொல்லிக்கிட்டே எங்க ஆட்ட ஓட்டிட்டுப் போனவன். அந்தக் கதை வேற.

ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா, பருத்திக் காயெல்லாம் ஓட்டை. தெருவே நிக்குது, சத்தமா சொல்றான்:

"அத்தை, உங்க ஜாடியில வெறும் தூசி! நம்பி மோசம் போயிட்டேன். இனிமே மருந்துதான்."

"அத்தை காத்த அடைச்சுக் குடுத்துட்டாங்க"ன்னு எவளோ சிரிச்சா. நீயும்தான் சிரிச்ச. பார்த்தேன்.

வயிறெரியுது எதுக்குத் தெரியுமா? நானே நம்பிட்டேன்டி. கண்ணு மங்கிப்போச்சோ, ஜாடிய வெயில்ல வெச்சுட்டேனோன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். என் கையாலயே இந்தப் பிள்ளை மேல மருந்தக் கொண்டுவந்தேனேன்னு ஜும்ரத் முகத்தப் பார்க்கவே கூசுச்சு.

இன்னிக்குக் காலையில அவன் கால்ல விழக்கூடத் தயாராத்தான் போனேன். ஒரு பதினெட்டு நாள் தள்ளிப் போடுப்பா, நாப்பது முடியட்டும்னு கேக்க. "பின்னாடி தோட்டத்துல இருக்காரு"ன்னா அவன் பொண்டாட்டி.

போனேன்.

தக்காளி, வெள்ளரி, முட்டைகோஸ். ஒரு இலையில ஓட்டை கிடையாது. ஒவ்வொரு செடியிலயும், இலைக்கு அடியில, காகிதத் துண்டு. பென்சில்ல நான் எழுதுன தேதியோட.

பத்தடிக்கு ஒண்ணு இல்லடி. செடிக்கு ரெண்டு, மூணு! பன்னெண்டு ஜாடியும் அங்கதான்.

"தம்பி, இது பருத்திக்குக் குடுத்ததாச்சே?"

வெக்கப்படுவான்னு நெனச்சேன். சிரிக்கிறான்.

"பருத்திய யாரு அத்தை திங்கப் போறா? இது என் பேரப்பிள்ளைங்க வாயில வைக்கிறது."

சொல்லிக்கிட்டே ஒரு கூடை தக்காளி பறிச்சு என் கையில திணிக்கிறான்.

"கழுவக்கூட வேணாம். ஒரு சொட்டு மருந்து படாதது. பிள்ளை பெத்தவளுக்குக் குடுங்க அத்தை. பருத்திக்குத்தான் மருந்து, டிராக்டர் சாயங்காலம் வருது."

என்ன சத்தம் அது? சாயங்காலம்னுதானே சொன்னான், பாவி, இப்பவே டிராக்டர விட்டுட்டானே! ஜும்ரத், ஜன்னலச் சாத்து! ஹோசியத், பார்த்துக்கிட்டே நிக்காதடி, ஓடு, கொடியில காயுற பிள்ளைத் துணிய உள்ள எடுத்துட்டு வா!