கிளமென்ட் பாட்டின் அலை

அவள் கைதட்டவில்லை.

மூன்றாவது வரிசை, நடு நாற்காலி. நிகழ்ச்சிக்கான பாஸை அவன்தான் அனுப்பியிருந்தான். உறைக்குள் ஒரு வரிகூட எழுதவில்லை. பாஸ் மட்டும்.

மேடையில் கிளமென்ட். கழுத்தில் கிட்டார். காலில் செருப்புகூட இல்லை. பெரிய எளிமை.

ஆறு வருடம் முன்பு இதே தூத்துக்குடியில், மாதா கோயில் பாடகர் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நின்று பாடியவன். இன்று அவள் பாட்டு டீச்சராக இருக்கும் பள்ளியின் அரங்கத்திலேயே வந்து பாடுகிறான். அவளுடைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்துகிறார்கள். அவள் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்.

பூச்செண்டை அவளே கொடுக்கட்டும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். தலைவலி என்று தப்பித்துக்கொண்டாள்.

பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைத்து ஏமாற்றிக்கொள்ளும் வயதெல்லாம் போய்விட்டது.

வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டையும் கோயில் கீதத்தையும் ராப்பையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறான். எல்லாரும் புதுமை என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

மோசமாகப் பாடித் தொலைத்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பாள்.

கடைசிப் பாட்டு. கூட்டமே இதற்காகத்தான்.

அது ஒரு சத்தத்தில் தொடங்கும். ஸ்... என்று நீளமாக, ஓரத்தில் மெல்லிய விசிலோடு. அதற்குப் பிறகுதான் கிட்டார். ரசிகர்கள் அதை அலை என்கிறார்கள். விடிகாலையில் கடலுக்குள் இடுப்பளவு நின்று பதிவு செய்தது என்று ஒருவன் இணையத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தான். பள்ளி நடைவழியில் பிள்ளைகள் அதைச் செய்துகாட்டுவார்கள். அவளைத் தாண்டிப் போகும்போதும்.

அலையாம்.

அது அவள் மூச்சு.

பாடகர் குழுவில் ஒன்று, இரண்டு என்று எண்ணித் தொடங்க முடியாது. பூசை நடக்கும்போது எப்படி எண்ணுவது? முன்னால் நிற்பவர் கையை லேசாக உயர்த்தி, மற்றவர்கள் காதில் விழும்படி மூச்சை இழுப்பார். அது முடிகிற இடத்தில் எல்லாரும் பாட்டை எடுப்பார்கள். அவர்கள் குழுவில் அந்த ஆள் அவள்தான். அவள் இழுக்காமல் கிளமென்டுக்கு ஒரு பாட்டும் எடுக்க வராது.

அந்தப் பாட்டை அவள் வீட்டு மாடியறையில், ஃபோனில் பதிவு செய்தார்கள். அன்று அவளுக்குச் சளி. இருப்பது அவன் ஒருவன்தான், கைகாட்டினால் போதும். பழக்க தோஷத்தில் மூச்சை இழுத்துவிட்டாள். மூக்கு விசிலடித்தது.

பிறகு வெட்டிவிடலாம் என்றான். வெட்டவில்லை.

சென்னைக்கு இருவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். அந்த வாரம்தான் அவளுக்குப் பள்ளியில் வேலை உத்தரவு வந்தது. ஸ்டேஷனுக்கு அவள் போகவில்லை. அவன் போனான், அவள் மூச்சையும் எடுத்துக்கொண்டு.

சொல், இசை, குரல்: கிளமென்ட். வெளியான பாட்டின்கீழ் அவ்வளவுதான் போட்டிருந்தது.

பேட்டிகளில் அலையைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்புவான். மறந்திருப்பான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். மறந்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அவள் அந்தப் பாட்டை முழுதாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முதல் மூன்று நொடி மட்டும். தினமும்.

மேடையில் அவன் லேப்டாப்பைத் தட்டினான். அந்தச் சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினான். ஒலி பார்ப்பவர் ஓடிவந்து குனிந்தார். எழுந்து உதட்டைப் பிதுக்கினார்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்றாக வேண்டும்.

பின்வரிசையில் யாரோ "அலை போடுங்கண்ணே" என்று குரல் கொடுத்தார்கள். அரங்கம் அதைப் பிடித்துக்கொண்டது. அலை, அலை, அலை.

அவன் மைக்கருகே வந்தான்.

"அது கடல் இல்ல மக்கா. சளி புடிச்ச மூக்கு."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. கேலி பேசுகிறான் என்று நினைத்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

மறக்கவில்லை, பாவி. தெரிந்துகொண்டேதான் ஆறு வருடம் ஊரெல்லாம் கடல் என்று நம்பவிட்டிருக்கிறான்.

அவன் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். நேராக அவளை. விரலைத் தந்திமேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

சிரிப்பு அடங்கியது. ஏதோ வரப்போகிறது என்று கூட்டமும் வாயை மூடிக்கொண்டது. மின்விசிறி சுற்றுவது கேட்டது.

என்ன கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

மாட்டேன். ஒரு மூச்சைக் கொண்டுபோனது போதாதா, இன்னொன்று வேறு வேண்டுமா? நிற்கட்டும். அவன் பேரைச் சொல்லிக் கத்திய பிள்ளைகள் முன்னாலேயே பாட்டு எடுக்க வராமல் நிற்கட்டும். அவர்களும் பார்க்கட்டும்.

உள்ளே இருந்த காற்றை மெல்ல, சத்தமில்லாமல் விட்டாள். அடுத்ததை இழுக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவன் காத்திருந்தான். அவனுக்கு அவசரமே இல்லை.

காது அடைத்தது. நெஞ்சு முட்டியது. மடியில் கிடந்த வலது கை, அவளைக் கேட்காமலே, லேசாக உயர்ந்திருந்தது.

அந்த நாட்களில், பயிற்சிக்கு மற்றவர்கள் வந்துசேரும்வரை, இருவரும் கோயிலில் குழு நின்று பாடும் மாடியின் படியில் உட்கார்ந்து மூச்சுப் பிடிக்கும் போட்டி வைப்பார்கள். கண்ணை எடுக்காமல், எதிரெதிரே.

ஒருநாளும் அவள் ஜெயித்ததில்லை.