ஊரே பெண் பார்க்க வந்தது

"ஜாதகமெல்லாம் எங்களுக்கு வேண்டாம் சார். பொண்ணு சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் கௌரிசங்கர், இரண்டாவது தட்டுக் கேசரியைக் கையில் வாங்கிக்கொண்டே.

செந்தில்நாதனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மெல்பர்னை ஒட்டிய டார்னெய்ட்டில் வீடு கட்டிக் குடிவந்த இந்தப் பதினொரு வருஷத்தில் அவர் வரவேற்பறை இப்படி நிறைந்ததே இல்லை. நாலரை மணி நேரம் தள்ளி, கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து எட்டுப் பேர் அவர் மகள் ராகவியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை பிரதீப்குமார் அந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா அம்மா கோயம்புத்தூரில் இருப்பதால், பையன் வேலை பார்க்கும் ஊரிலேயே பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் கௌரிசங்கர்தான் பையன் வீட்டுப் பெரியவராக வந்திருந்தார். மற்ற ஆறு பேரும் வெள்ளைக்காரர்கள். பள்ளித் தலைமை ஆசிரியர், தீயணைப்புப் படைத் தலைவர் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள். மேயர் ஹெதர் ஏழெட்டு ஊக்கு குத்திய பட்டுப்புடவையில் மூச்சு விடப் பயந்தபடி உட்கார்ந்திருந்தார்.

செந்தில்நாதனின் மனைவி கலா அவரைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"என்னங்க, ஒரு வாத்தியாருக்காக மேயரே வந்திருக்காங்க! பையன் எவ்வளவு நல்ல பேர் வாங்கியிருந்தா இப்படி ஊரே திரண்டு வரும்?"

"அதான் நானும் பார்க்கறேன். நீ எதையாவது உளறிக் கெடுத்துடாதே."

அவர் பயம் அவருக்கு. ராகவிக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது. படித்துப் படித்தே வயசு ஓடிவிட்டது. இதுவரை வந்த நாலு வரன்களும், 'பொண்ணு வீடு தங்க மாட்டாளாமே' என்று நழுவிவிட்டன.

ஆனால் கலாவுக்குப் பொய் வராது. கூடத்துக்கு வந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "இப்பவே சொல்லிடறேன். அவளுக்குச் சமைக்கத் தெரியாது."

"அதனால என்னம்மா? தினம் ஒரு வீட்டுலேர்ந்து சாப்பாடு வந்துடும். யார் யார்னு லிஸ்ட்டே போட்டாச்சு."

"வேலைக்குப் போனா எப்பத் திரும்புவான்னு சொல்ல முடியாது."

"போகட்டும்மா! எவ்வளவு நேரம் வேணும்னாலும் அங்கேயே இருக்கட்டும்!" கௌரிசங்கர் உற்சாகத்தில் பாதி எழுந்தேவிட்டார்.

என்ன விஷயம் என்று மேயர் கேட்க, அவர் இங்கிலீஷில் சொன்னார். ஆறு பேரும் கை தட்டினார்கள்.

செந்தில்நாதனுக்குக் கண் கலங்கியது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு சம்பந்தமா!

ராகவியும் பிரதீப்குமாரும் தனியாகப் பேசப் பின்பக்கத் தோட்டத்துக்குப் போனார்கள். கால் மணி நேரம் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. கலா குலதெய்வத்துக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டாள், கணவரின் முடியை.

உள்ளே வந்த ராகவியின் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனாலும், "ரெண்டு நாள் டைம் குடுங்க அங்கிள். யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவ்வளவுதான். தீயணைப்புப் படைத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேயர் எழுந்து வந்து ராகவியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"டாக்டர், ப்ளீஸ். எங்கள் ஊரில் பிரசவ வார்டைப் பூட்டி ஏழு வருஷமாகிறது. போன மாதம்கூட ஒரு குழந்தை நெடுஞ்சாலையில் காருக்குள்ளேயே பிறந்தது. எத்தனையோ விளம்பரம் கொடுத்துவிட்டோம். ஒரு பிரசவ டாக்டர்கூட மெல்பர்னை விட்டு வர மாட்டேன் என்கிறார்!"

செந்தில்நாதன் எழுந்துவிட்டார். "அப்ப நீங்க பையனுக்குப் பொண்ணு பார்க்க வரலையா? ஊருக்கு டாக்டர் பார்க்க வந்திருக்கீங்களா?"

கௌரிசங்கர் பதறிப்போய் அவர் காதருகே குனிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பாப்பாவுக்குப் பிரதீப்பைப் பிடிக்கலைன்னா தயங்காமச் சொல்லச் சொல்லுங்க. வெளியே வேன்ல இன்னும் ரெண்டு மாப்பிள்ளைங்க ரெடியா உட்கார்ந்திருக்காங்க."