கண்ணாடிக் குழாயில் என் ரத்தம்

பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால் என் மனைவி குருவம்மாள் முள்ளு வெட்டிக்கொண்டே முன்னால் போனாள். பின்னால் போன என்னைக் கண்ணாடிவிரியன் கடித்தது. ஆஸ்பத்திரி வரை ஒப்பாரி வைத்தேன். அவள் வாயே திறக்கவில்லை.

டாக்டர் என் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தார். "விரியன் விஷத்துல இருக்கிற என்சைம் ரத்தத்தை உறையவிடாது. உடம்போட எதிர்ப்பு சக்தியையே உடம்பு மேல ஏவிவிட்டு வீங்க வைக்கும்."

"எங்க மாமியா இவள எம்மேல ஏவிவிடுற மாதிரியா?" என்றேன். குருவம்மாள் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரங்கழித்து டாக்டர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் உறைந்திருந்தது.

"உங்களுக்கு விஷமே ஏறல. உங்களக் கடிக்கிறதுக்கு முன்னாடியே பாம்பு ஆட்டையோ மாட்டையோ கடிச்சு விஷத்தைக் காலி பண்ணியிருக்கும்."

குருவம்மாள் சேலையை லேசாகத் தூக்கினாள். கணுக்கால் பூசணிக்காயாய் வீங்கியிருந்தது.

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கத்துன கத்துல நான் எங்கன சொல்ல?"