வரைபடத்தில் ஒரு புள்ளி

குடிப்பழக்கம் உள்ளவர்களின் வீட்டாருக்காக ஒரு செயலியை வடிவமைத்திருந்தாள் அந்தப் பெண். அதைச் சோதித்துப் பார்க்க வந்தவரிடம் கைபேசியைப் பெருமையோடு நீட்டினாள்.

“இந்தப் பட்டனைத் தொட்டா, குடிக்கிறவர் எங்க இருக்கார்னு மேப்ல புள்ளியா காட்டிடும் சார்.”

“இதை எடுத்துடும்மா.”

அவளுக்குச் சுருக்கென்றது. “இதுதானே சார் முக்கியம்?”

“புள்ளி நகருதா, நிக்குதான்னு பார்த்துப் பார்த்தே வீட்ல இருக்கிற ஜீவன் பைத்தியமாயிடும். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாகூடத் தெரியாது. அதுக்குப் பதிலா, இந்த ஆப் ‘நீ சாப்பிட்டியா, தூங்கினியா’ன்னு அவங்களைக் கேக்கட்டும். மனசு விட்டுப் பேச ஒரு ஆளைக் காட்டட்டும்.”

“ரொம்பப் பட்டிருக்கீங்க போல. வீட்ல குடிச்சது யாரு சார், பையனா?”

“நான்தாம்மா. இப்ப விட்டாச்சு. பட்டதெல்லாம் என் மனைவி. இன்னிக்கு இங்க வரவேண்டியதும் அவதான்.”

“ஐயோ, ஏன் வரல?” என்று பதறினாள்.

அவர் முகம் மலர்ந்தது.

“என்னை அனுப்பிட்டு, தோழிங்களோட சினிமாவுக்குப் போயிட்டா. நான் இங்கதான் வந்தேனா, வேற எங்கயாவது போயிட்டேனான்னு கேட்டு இதுவரைக்கும் ஒரு போன்கூடப் பண்ணலம்மா!”