மேசைக்காலின் அடியில்

மலேசியாவின் ஈப்போ நகர அடுக்குமாடி வீடொன்றில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், இருதயமேரியின் சவப்பெட்டி மேசைமேல் திறந்திருக்கிறது. எதிரே மடிக்கணினியில், லண்டனிலிருந்து வர முடியாத இளைய மகன் கேப்ரியலின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கிறது. மூத்தவன் ஆம்புரோஸ் இழுத்திருக்கும் இன்டர்நெட் கேபிள் அடுத்த ஊரான காம்பார்வரை நீளும். அதில் அடித்த ஆணிகளை வைத்து ஒரு தேவாலயமே கட்டலாம். துக்கத்துக்கு வருவோரின் கால் தடுக்கக்கூடாதென்று மேசைக்கு அடியில் நுழைத்திருக்கிறான். "அண்ணே, அம்மா முகம் தெரியல லா!" "பொறுடா தம்பி, எழுநூறாவது தடவையா பிடுங்கிச் சொருகுறேன்." பாதிரியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூடி இறங்குகிறது, ஆறு பேர் பெட்டியைத் தூக்குகிறார்கள். இத்தனை நேரம் கேபிளை நசுக்கிக்கொண்டிருந்த மேசைக்காலில் பாரம் குறைகிறது. படம் கண்ணாடியாகத் தெளிகிறது. கேப்ரியல் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறும் மேசையைப் பார்க்கிறான். "இப்ப நல்லா தெரியுது அண்ணே. அம்மா எங்க?"